கிழட்டுத் துப்பாக்கிக்கு எது ஜீரணமாகும்?

2019 ஆகஸ்ட் 21. பிகாரின் சுபோல் மாவட்டத்தில் பலுவா பஜார் என்ற ஊர். முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடந்துகொண்டிருந்தது. முதல்வர் நிதீஷ் குமார் வந்திருந்தார். போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று 22 துப்பாக்கிகளை வானத்தை நோக்கி உயர்த்தினார்கள். உத்தரவு வந்தது. விசையை இழுத்தார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

அந்தக் காட்சி நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. நாடு சிரித்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் வெடிக்காமல் போன தோட்டா அத்தோடு விவகாரம் முடிந்தது என்று சும்மா கிடப்பதில்லை. சில சமயம் அது தாமதமாக வெடிக்கும். விசையை இழுத்தோம், சத்தம் வரவில்லை, என்ன ஆயிற்று என்று போல்ட்டைத் திறந்து எட்டிப் பார்க்கும் அந்த இரண்டாவது வினாடியில் வெடிக்கும். பலுவா பஜாரில் இருந்தவை குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாக்கள். இதே கதை குண்டு உள்ள தோட்டாவில் நடந்தால் சிரிக்க ஒன்றும் இருக்காது.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம், டெக்ஸாஸில் இருக்கும் என் அக்கா மகன். மென்பொருள் வேலை, இரண்டு குழந்தைகள், வார இறுதியில் துப்பாக்கி சுடும் கிளப். அந்த ஊரில் அது நம் ஊர் கேரம் போர்டு மாதிரி. பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறான். அதன் கழுத்தில் இஷாப்பூர் என்றும் 1967 என்றும் பொறித்திருப்பதைப் பார்த்ததும் தேசபக்தி பொங்கிவிட்டது போலிருக்கிறது. “மாமா, நீங்க போசரியிலதானே இருக்கீங்க? கடகி ஃபேக்டரி பக்கம்தானே? இதுக்கு எந்தத் தோட்டா போடலாம்னு யாரையாவது கேட்டுச் சொல்லுங்களேன்” என்றான். விற்றவர் ஒரு பெட்டி பழைய தோட்டாவையும் இலவசமாகக் கொடுத்திருக்கிறாராம். இலவசம் என்றதும் எனக்குச் சற்று உறுத்தியது.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. போசரியில் வசிப்பவனுக்கு வெடிமருந்து அக்கம்பக்கத்து சமாசாரம். இங்கே வீடு வாங்கப் போனால் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் “ரெட் ஸோனா?” என்று கேட்க வேண்டும். பக்கத்தில் திகியில் ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்கு. அந்தப் பக்கம் தேஹு ரோடில் இன்னொன்று. கிடங்கைச் சுற்றி இத்தனை தூரத்துக்குக் கட்டடம் கூடாது என்பது 1903ஆம் ஆண்டுச் சட்டம். கட்டியிருக்கிறார்கள் என்பது நடைமுறை. தெற்கே கடகியில் 1869லிருந்து தோட்டா செய்யும் தொழிற்சாலை. ராணுவ வேலைக்கென்று வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களை கடகியிலும் தேஹு ரோடிலும் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அருவங்காட்டைத் தெரியுமல்லவா? ஊட்டி ரயிலில் குன்னூர் தாண்டி, வெலிங்டன் தாண்டி வரும் ஸ்டேஷன். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை வைத்தார்கள். நீலகிரிக் குளிரில் செய்த மருந்து, புனே வெயிலில் செய்த பித்தளைக் கூடு, வங்காளத்தில் இஷாப்பூரில் செய்த துப்பாக்கி. வெள்ளைக்காரன் சாம்ராஜ்யத்தை இப்படித்தான் பிரித்துப் பிரித்துச் செய்தான். 2021 அக்டோபரில் பழைய ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கியபோது கடகியும் அருவங்காடும் ஒரே கம்பெனிக்குள் வந்தன. அதன் தலைமையகம் புனேயில். இஷாப்பூரும் நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் வேறு கம்பெனிக்குப் போயின.

மேலே போவதற்கு முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுபவனுக்கு இந்த எரிச்சல் நெடுநாளாக உண்டு. நம் பத்திரிகைகளில் “தோட்டா பாய்ந்து இருவர் பலி” என்று வருகிறது. தோட்டா பாயாது. தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் சின்னத் தொப்பி, உள்ளே மருந்து, முனையில் குண்டு. பாய்வது குண்டு மட்டும். கூடு துப்பாக்கிக்குள்ளேயே தங்கி, போல்ட்டைத் திறந்தால் கீழே விழும். சரி, குண்டு என்று எழுதினாலோ, தமிழில் வெடிகுண்டும் குண்டுதான், குண்டு பல்பும் குண்டுதான். ஈழத் தமிழர்கள் ரவை, சன்னம் என்று பிரித்துப் புழங்குகிறார்கள். அவர்கள் வாழ்க்கை அவர்களுக்கு அந்த நுணுக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. மராட்டியர்கள் காடத்தூஸ் என்று போர்த்துகீசியச் சொல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. பழைய துப்பாக்கியில் வரும் விபத்துகளில் பெரும்பாலானவை குண்டினால் அல்ல, பொட்டலத்தின் மற்ற மூன்று உறுப்புகளால் வருபவை. குண்டு முன்னால் போகிறது. கூடும் தொப்பியும் மருந்தும் சுடுபவனின் முகத்துக்கு நான்கு விரற்கடை தூரத்தில் இருக்கின்றன.

இந்தியாவில் பழைய ராணுவத் துப்பாக்கி என்றால் ‘த்ரீ நாட் த்ரீ’. குழலின் உள்விட்டம் .303 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். லீ என்பவரின் போல்ட், என்ஃபீல்ட் ஊரின் குழல். 1895ல் பிறந்த லீ-என்ஃபீல்ட் குடும்பம். இரண்டு உலகப் போர்களைப் பார்த்து, விடுதலைக்குப் பின் போலீஸ் லைனுக்கு வந்து ஓய்வுகாலத்தைக் கழித்தது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் காவலர்கள் இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்து நின்றது இந்தக் கிழத்தை வைத்துக்கொண்டுதான். பின்னர் அமைக்கப்பட்ட பிரதான் குழு, சுட்டுப் பழகக்கூடப் போலீசாருக்குத் தோட்டா கிடைக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் இதற்கு விடைகொடுத்தது. கிழம் என்று கேலி செய்வதும் முழு நியாயமில்லை. கனடாவின் வட துருவப் பகுதியில் ரோந்து போகும் ரேஞ்சர்கள் பனிக்கரடிக்காக இதே குடும்பத்துத் துப்பாக்கியைச் சுமந்தார்கள். அவர்களுக்கு மாற்று வரத் தொடங்கியது 2018ல்தான். துப்பாக்கி உழைக்கும். சிக்கல் அதற்குப் போடும் தீனியில்.

முதல் சிக்கல், ஒரே முகம் கொண்ட பல துப்பாக்கிகள். இஷாப்பூர் செய்த நான்கு வகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால், பழகாத கண்ணுக்கு நான்கும் ஒன்றுதான். அசல் .303 ஒன்று. சீனப் போருக்குப் பின் 1960களில் ராணுவம் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறியபோது, பழைய உருவத்திலேயே கூடுதல் வலுவான எஃகில் செய்த 2ஏ, 2ஏ1 அடுத்தது. என் மருமகன் கையில் இருப்பது இந்த ஜாதி. அடிப்புறம் சதுரமாக வெட்டினாற்போல 12 தோட்டா மேகசின் இருந்தால் பெரும்பாலும் இதுதான். ஆனால் மேகசினைக் கழற்றி மாற்றலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது, உடலில் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் தந்த .410 மஸ்கட் மூன்றாவது. அதில் குழலின் உட்பக்கப் புரிகளே கிடையாது, வழவழவென்று இருக்கும். மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டையை அடைத்து ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும்படி செய்தார்கள். நான்காவது, லைசென்ஸ் வைத்திருக்கும் பண்ணையார்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் விற்ற .315.

இவற்றில் எனக்கு மிகவும் பயம் தருவது மஸ்கட். அதன் தோட்டா, .303 கூட்டின் கழுத்தைக் குறுக்காமல் நேராக விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அதாவது .303 தோட்டாவை அதன் அறையில் வைத்தால் அது பாட்டுக்கு உள்ளே போய் உட்காரும். அமெரிக்காவில் கடையில் கிடைக்கும் சாதாரண .410 வேட்டைத் தோட்டாவையும் உள்ளே நுழைக்கலாம், எண் ஒன்றாயிற்றே! இரண்டுமே அந்த அறைக்காகச் செய்தவை அல்ல. உள்ளே போகிறது, போல்ட் மூடுகிறது என்பதை வைத்து முடிவு செய்தால், சாவி துவாரத்தில் நுழைந்ததால் வீடு நம்முடையது என்று சொல்வது மாதிரி.

நம் சட்டம் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் (சட்டத்தைப் புகழும் சந்தர்ப்பம் அடிக்கடி வருவதில்லை). ஆயுத விதிகள் .303, 7.62 துப்பாக்கிகளைச் சாதாரண லைசென்ஸுக்கு எட்டாத வகையில் வைத்திருக்கின்றன. அதோடு நிற்காமல், ராணுவத் தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய வேறு எந்தக் குழலையும், .410 மஸ்கட் தோட்டாவை ஏற்பதையும் அதே வகையில் சேர்க்கின்றன. துப்பாக்கியின் பெயரை விட்டுவிட்டு, அது எந்தத் தோட்டாவை விழுங்கும் என்று பார்க்கும் இலக்கணம். .315 என்ற விசித்திர அளவு இங்கே வேரூன்றியதும் இதனால்தான். சிப்பாயின் தோட்டா குடிமகனுக்குக் கிடைக்கக் கூடாது என்பது 1857க்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு ஏற்பட்ட நிரந்தரக் காய்ச்சல். வேலூரில் 1806ல் தலைப்பாகை. வடக்கே 1857ல் கொழுப்பு தடவிய தோட்டா. தொப்பிக்குப் பயப்படாதவன்கூடத் தோட்டாவுக்குப் பயந்தான். ஆகவே இந்தியாவில் ராணுவம் கழித்த துப்பாக்கியைச் சந்தையில் வாங்கும் பேச்சே இல்லை. நம்மவர்கள் அதைக் கையில் எடுப்பது போலீஸ் சீருடையில், அல்லது அக்கா மகனைப் போல கடல் கடந்த பிறகு. இஷாப்பூரின் 2ஏ1 துப்பாக்கிகள் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டுக்கட்டாக அமெரிக்காவுக்குப் போய் மலிவு விலையில் விற்றன.

அவனுடைய கேள்விக்கு வருவோம். கடையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் 7.62 நேட்டோ என்றும், மற்றதில் .308 வின்செஸ்டர் என்றும் எழுதியிருக்கும். தோட்டாக்களை அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். எதைப் போடுவது? இதில் பல ஆண்டுகளாக ஒரு சண்டை நடக்கிறது. ஒரு கட்சி, ராணுவத் தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு, கடைத் தோட்டா 62,000 பவுண்டு, போட்டால் துப்பாக்கி வெடிக்கும் என்கிறது. இந்த இரண்டு எண்களும் உண்மை. ஒப்பீடு பொய். 50,000 என்பது பழைய முறையில் அளந்தது: குழலில் துளையிட்டு, ஒரு செப்புத் துண்டை வைத்து, அது எவ்வளவு நசுங்கியது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். 62,000 என்பது மின்சார உணர்கருவியால் அளந்தது. செம்பு நசுங்க நேரம் எடுக்கும். அழுத்தத்தின் உச்சியை அது முழுக்கப் பிடிப்பதில்லை, குறைத்தே சொல்லும். ஒரே செப்பு முறையில் அளந்தால் .308க்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் சுமார் 52,000. ஆக வித்தியாசம் பன்னிரண்டாயிரம் இல்லை, இரண்டாயிரம்தான். இரண்டு அளவுகளுக்கும் ஒரே அலகின் பெயரைப் பல பழைய கையேடுகளில் எழுதிவைத்ததால் வந்த வினை. இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இந்த இடத்தில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு: சொல் ஒன்றாக இருந்து பொருள் இரண்டாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உரத்த உதாரணம் கிடையாது.

அப்படியானால் .308ஐத் தாராளமாகப் போடலாமா என்றால், அதுவும் இல்லை. ராணுவத் துப்பாக்கியின் அறை சற்றுத் தாராளமாகக் குடையப்பட்டிருக்கும், சேறும் மணலும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்பதற்காக. அதை ஈடுகட்ட ராணுவக் கூட்டின் பித்தளை தடிமனாக இருக்கும். கடைத் தோட்டாவின் கூடு பொதுவாக மெல்லியது. தாராளமான அறையில் மெல்லிய கூடு நீள்கிறது. அளவு மீறினால் அடிப்பாகம் அறுந்து, கொதிக்கும் வாயு பின்பக்கம் வரும். லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்கோடியில் பூட்டிக்கொள்வது; சுடும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கூடு மேலும் நீளும். ஆகவே மருமகனுக்கு நான் சொன்னது: புதிதாகச் செய்த, இன்னார் செய்தது என்று தெரிந்த 7.62 தோட்டாவை வாங்கு. வேட்டைக்கென்று வேகம் கூட்டி விற்பவற்றைத் தொடாதே. எதைப் போடுவதற்கும் முன்னால் அறையின் இடைவெளியை அளந்து பார்.

இந்த இடைவெளிதான் பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் கேட்க மறக்கும் விஷயம். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம். .303ல் தோட்டாவின் அடிவிளிம்புக்கு இடம் விட்டால் போதும், அது.064 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. .074 அங்குலத்தைத் தாண்டினால் ஆலைக்கு அனுப்பு என்பது பழைய ராணுவக் கணக்கு. ஆகாத நிலைக்கும் ஆகும் நிலைக்கும் நடுவே ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு. 7.62ல் தோட்டாவின் தோள்பட்டையைக் கொண்டு அளப்பார்கள், அதற்குக் கேஜ் வேறு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அரை மணி நேர வேலை. துப்பாக்கி மிஸ்திரியிடம் கேஜ் இருக்கும். அதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: போல்ட்டின் கைப்பிடியில் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றா? கிடங்கில் ஐந்நூறு துப்பாக்கிகளைப் பிரித்து எண்ணெய் போட்டு மறுபடி பூட்டும்போது இவனுடைய போல்ட் அவனுக்குப் போய்விடும். ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் உடலுக்குக் கையால் தேய்த்துப் பொருத்தியது. மாறினால் மூடத்தான் செய்யும். இடைவெளி மட்டும் வேறாகியிருக்கும்.

போசரியின் எம்.ஐ.டி.சி. பேட்டையில் நடந்தால் லேத் பட்டறைக்கு அடுத்து ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை, அதற்கடுத்து இன்னொரு லேத். எஃகைச் சூடாக்கி ஆறவைக்கும் பக்குவம் கொஞ்சம் பிசகினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் என்பது இங்கே டீக்கடைப் பையனுக்கும் தெரியும். அமெரிக்காவுக்கு இது 1917ல் கசப்பாகத் தெரிந்தது. அவர்களுடைய ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகள் சில சுடும்போது சிதறின. விசாரித்தபோது, உலையில் எஃகு பதமாகச் சூடேறிவிட்டதா என்பதை அனுபவசாலிகள் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவந்தது தெரிந்தது. வெயில் பளீரென்று அடிக்கும் நாளில் கண்ணுக்கு நிறம் மங்கலாகத் தெரியும். அன்றைக்கு எஃகு அளவுக்கு மீறிச் சூடாகும். மேகமூட்டமான நாளில் செய்தது நன்றாக இருக்கும்! 8,00,000க்குக் குறைந்த வரிசை எண் கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டைச் சுடாதே என்பது இன்றும் சேகரிப்பாளர்கள் சொல்லும் எச்சரிக்கை. அந்தத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பான தோட்டா என்று ஒன்று கிடையாது.

இனி அந்த இலவசப் பெட்டி. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தோட்டாவின் அடியில் வட்டமாகப் பொறித்திருப்பதுதான் அதன் ஜாதகம். கடகி செய்ததென்றால் ‘கே.எஃப்.’ என்ற எழுத்துகள், ஆண்டு, வகை எண். மகாராஷ்டிரத்திலேயே ஜல்காவ் மாவட்டத்தில் வரண்காவ் ஆலை செய்த 7.62 என்றால் ‘ஓ.எஃப்.வி.’. .303ல் ஏழாம் வகை என்பது 1910ல் வந்த, 174 கிரெய்ன் குண்டு கொண்ட வழக்கமான தோட்டா. எண்ணுக்குப் பின் ‘இஸட்’ என்று ஓர் எழுத்து இருந்தால் உள்ளே கார்டைட் இல்லை, வேறு மருந்து என்று பொருள். எட்டாம் வகையைத் தள்ளிவைக்க வேண்டும். அது விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்கென்று செய்தது. அவன் அனுப்பிய படத்தில் இருந்தவை மூன்று நாட்டுத் தோட்டாக்கள், நான்கைந்து வெவ்வேறு ஆண்டுகள், ஒரே பெட்டியில். இரண்டில் குண்டும் கூடும் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு.

தோட்டா ஊறுகாய் அல்ல, காலம் போகப் போகப் பக்குவமாவதற்கு. அருவங்காட்டின் கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினும் அமிலத்தில் ஊறிய பஞ்சும் சேர்ந்த பசை. கூடவே நூற்றுக்கு ஐந்து பங்கு வாஸ்லின் போன்ற ஜெல்லி. பசையைச் சேமியா போல இழைகளாகப் பிழிவார்கள். கார்டைட் என்ற பெயரே அதனால் வந்தது. குழல் தேயாமல் இருக்கட்டும் என்று சேர்த்த ஜெல்லி, மருந்து கெடாமல் காப்பதைப் பின்னால் கண்டுகொண்டார்கள். அந்தப் பஞ்சு சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைந்து அமிலப் புகை விடும். புகை சிதைவை இன்னும் வேகப்படுத்தும். தடுக்கப் போட்ட பொருள் தீர்ந்ததும் கேட்பாரில்லை. வெயில் ஏற ஏற வேகம் கூடும். குளிர்ந்த நிலவறையில் அறுபது வருடம் தாங்கும் தோட்டா, தகரக் கூரைக் கிடங்கில் ஏப்ரல் மேயில் அத்தனை காலம் தாங்காது. 2016 மே 31 அதிகாலை வார்தா மாவட்டத்தின் புல்காவ் ராணுவக் கிடங்கு வெடித்துப் பதினாறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது துப்பாக்கித் தோட்டா அல்ல; கண்ணிவெடிகளிலிருந்து வெடிமருந்து கசிந்தது பற்றிப் பேசப்பட்டது. இருந்தாலும் வெடிமருந்துக்கும் வயது உண்டு என்பதை மகாராஷ்டிரத்தில் நினைவுபடுத்த வேறு சம்பவம் தேவையில்லை.

கெட்ட தோட்டா மூன்று விதமாகக் காலை வாரும். ஒன்றும் நடக்காமல் போகலாம். அப்போது குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு குறைந்தது அரை நிமிடம், முடிந்தால் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும்; போல்ட்டைத் திறக்கக் கூடாது. தொப்பி நமத்துப்போய், தீ ஊர்ந்து ஊர்ந்து மருந்தை எட்டிக்கொண்டிருக்கலாம். பழைய .303ல் இந்தத் தாமத வெடிப்புக்கு பாகிஸ்தான் தோட்டா வெளிநாட்டுக் கிளப்புகளில் பேர்போனது. நம் கடகியின் பழைய சரக்குக்கும் அங்கே நல்ல பெயர் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் எல்லைக்கு இரு பக்கமும் ஒற்றுமை. அடுத்த விதம், அளவுக்கு மீறிய அழுத்தம். அதைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. மூன்றாவதுதான் மிகவும் நயவஞ்சகம். ‘டமார்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். தோளில் உதை இல்லை. மருந்து அரைகுறையாக எரிந்து, குண்டு குழலின் பாதியில் சிக்கி நிற்கிறது. அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் வீங்கும், அல்லது பிளக்கும். சத்தம் வித்தியாசமாக வந்தால் நிறுத்திவிட்டு, தோட்டாவை எடுத்துவிட்டு, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்சி மைதானத்தில் இருபது பேர் ஒரே நேரத்தில் சுடும்போது தன் துப்பாக்கி ‘புஸ்’ என்றதா என்பது கான்ஸ்டபிளுக்கு எப்படிக் கேட்கும்? எந்தக் கிடங்கிலும் பழைய சரக்கைத்தான் முதலில் செலவழிப்பார்கள். ஆகப் பழைய தோட்டா போய்ச் சேருமிடம் பயிற்சி மைதானம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதன்முதலில் சுடுவது அவன் அப்பா வயதுத் தோட்டாவை. இதற்குக் கண்ணாடி கொடுக்கிறார்களா, காதடைப்பு கொடுக்கிறார்களா என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

தோட்டாவை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. வேண்டாம். எண்ணெய் தொப்பிக்குள் கசிந்து மருந்தைக் கொல்லும். அதோடு, உலர்ந்த கூடு சுடும்போது அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொண்டு அழுத்தத்தின் ஒரு பகுதியைத் தான் தாங்கும். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பிடி வழுக்கி முழுப் பாரமும் போல்ட்டின் மேல் விழும்.

இலவசப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டான். பச்சை பிடித்தவற்றையும், ஆண்டு தெரியாதவற்றையும் சுடவும் வேண்டாம், குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டவும் வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம், உன் ஊர் போலீசிடமோ கிளப்பிலோ ஒப்படைத்துவிடு என்றேன். “அஞ்சாறு நல்லாத்தான் இருக்கு மாமா” என்று இழுத்தான். நன்றாக இருப்பவை எவை என்று வெளியிலிருந்து தெரிவதில்லை என்பதுதானப்பா சங்கதி. இஷாப்பூர் துப்பாக்கியை இப்போது மிஸ்திரியிடம் கொடுத்திருக்கிறான். போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒன்றாக இல்லையாம்.

பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்டே தீர வேண்டியவர்களுக்கு, அதாவது சீருடைக்காரர்களுக்கு, ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் காலத் தொப்பி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து குழலுக்குள் விட்டுச்செல்வது உப்பு, நம் சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. காற்றின் ஈரத்தை இழுத்து இரண்டே நாளில் துருவாக்கும். எண்ணெய்த் துணியால் எத்தனை முறை துடைத்தாலும் போகாது, உப்பு எண்ணெயில் கரைவதில்லையே. வெள்ளைக்கார சிப்பாய்க்கு இதற்கென்றே ஒரு புனல் கொடுத்திருந்தார்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, புனலைப் பின்பக்கம் பொருத்தி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் உப்பு கரைந்து முன்பக்கம் ஓடிவிடும், சூட்டில் குழல் தானே உலர்ந்துவிடும், அதற்கப்புறம்தான் எண்ணெய். புனேயில் ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் இதை நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிப்போட முடியாது. சுட்ட அன்று மாலையே அடுப்பில் கெட்டிலை ஏற்றிவிட வேண்டும்.